அச்சு

வார்ப்பு, பதிவு, ஒரே வடிவைத் திரும்பத் திரும்பத் தருவது. அச்சுவெல்லம், அச்சுப்பிசகாமல், 'அப்பனை அச்சில் வார்த்த பிள்ளை' எல்லாம் இதன் கிளைகள். மலையாளம், கன்னடம், தெலுங்கிலும் இதே பொருளில் வழங்குகிறது. நெல்லையப்பர் தேரின் அச்சு வேறு. அதை 'அக்ஷ' என்னும் வடசொல்லோடு சேர்ப்பார்கள்.

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்கு இந்தச் சொல்லில் தனி உரிமை உண்டு. அண்ட்ரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூல் 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. 'அடியார் வரலாறு' 1586-இல் புன்னைக்காயலில். ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில் 'கொ' ஒரே கட்டையாக இருக்க வேண்டியதில்லை. ஒற்றைக்கொம்பு, க, கால் என்று மூன்று துண்டுகள் போதும். பக்கம் அச்சானதும் பிரித்துப் பெட்டியில் போடுவார்கள். அதே கொம்பு அடுத்த பக்கத்தில் 'ப'வுக்கு முன்னால் நின்று 'பெ' ஆகும்.

இன்று படம் ஆக்கும் கணினி மாதிரிகளில் ஒரு வகைக்கும் இச்சொல் பொருந்துகிறது. 2017-இல் வந்த ஒரு முறை, ஏராளமான படங்களைப் பார்த்து, மறுபடி மறுபடி பயன்படும் துண்டுகளின் தொகுதியைத் தானே கற்றது. 2021-இல் வந்த முதல் டால்-ஈ என்னும் படம் ஆக்கும் மாதிரியிடம் இப்படி 8,192 துண்டுகள் இருந்தன. அவற்றை 32-க்கு 32 கட்டங்களில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனது. ஈயத்துண்டு எங்கே வைத்தாலும் அதேதான். இந்தத் துண்டோ பக்கத்தில் இருப்பதைப் பொறுத்துத் தோற்றம் மாறும். அதனால் துண்டை 'அச்சு' என்பதைவிட, வேலையை 'அச்சுக்கோத்தல்' என்பதே சரி. துண்டுகளின் தொகுதியைக் 'குறியீட்டு நூல்' என்றால் யாருக்கும் புரியாது. 'எழுத்துப்பெட்டி' என்றால் புரியும்.