உரிமம் வேண்டாத அலையின் சரித்திரம்

வீட்டு வைஃபை இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது என்னும் முறையீட்டைக் கேளாத நகரத்துத் தெரு இன்று அரிது. அந்த முறையீடு பெரும்பாலும் டேப்லெட்டைக் குறித்தே எழுகிறது. மேஜைக் கணினிக்குக் கேபிள் உண்டு, கைபேசிக்கு சிம் கார்டு உண்டு. சிம் இல்லாத டேப்லெட்டுக்கோ ரௌட்டரை விட்டால் வேறு கதி இல்லை. ஆதலால் இணைப்பில் நேரும் ஒவ்வொரு தளர்ச்சியும் முதலில் அதன் திரையில்தான் தெரிகிறது. குழந்தையின் பாடமோ பாட்டியின் வீடியோ அழைப்போ நடுவில் நின்றுவிட, வீட்டார் அந்தச் சாதனத்தையே குற்றவாளியாக்கி, அணைத்தும் போட்டும் பார்த்து, பாஸ்வேர்டை அழித்து மறுபடி கொடுத்து, இறுதியில் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பழுது அதனிடமே இருப்பதும் உண்டு. ஆயினும் அநேக சந்தர்ப்பங்களில் மூலகாரணம், அந்த டேப்லெட் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே, எந்த அலை யாருக்கு என்று வகுத்தவர்கள் செய்த ஒரு முடிவில் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தை அறிந்தவருக்குப் பரிகாரமும் எளிதில் விளங்கும் என்பது என் துணிபு.

இரண்டாம் உலக யுத்தத்தில் ரேடார் கருவிகளுக்காகப் பெருவாரியாகச் செய்யப்பட்ட மாக்னெட்ரான் என்னும் குழாய், யுத்தம் முடிந்ததும் சமையலறைப் பக்கம் திரும்பியது. அமெரிக்காவின் ரேதியான் கம்பெனியில் பணியாற்றிய பெர்ஸி ஸ்பென்ஸர், அந்தக் குழாயிலிருந்து வெளிவரும் நுண்ணலைகள் உணவைச் சூடாக்கும் என்பதைக் கண்டு, 1945-இல் அதற்குக் காப்புரிமை கோரினார். செய்தி எதையும் சுமக்காமல் சூட்டை மட்டும் உண்டாக்கும் இத்தகைய யந்திரங்கள் வானொலிக்கும் விமானப் போக்குவரத்துக்கும் இடைஞ்சல் செய்யாதிருக்கவேண்டுமே என்ற கவலையால், 1947-இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேசத் தொலைத்தொடர்பு மகாநாடு, தொழிற்சாலை, விஞ்ஞானம், மருத்துவம் ஆகிய மூன்றின் உபயோகத்துக்கென்று சில அலைப்பட்டைகளை ஒதுக்கிவைத்தது. அவற்றுள் ஒன்றுதான் 2450 மெகாஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள பட்டை. இன்றும் மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவது அங்கேதான். அந்தப் பட்டையில் செய்தி அனுப்ப விரும்புகிறவர்கள் அங்குள்ள யந்திரங்களால் நேரும் இடையூற்றைச் சகித்துக்கொள்ளவேண்டும் என்பது விதி. ஆகவே செய்தித் தொடர்புக்காரர்கள் வெகுகாலம் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அந்த நிலையை மாற்றியது 1985 மே 9 அன்று அமெரிக்காவின் எஃப்.சி.சி. என்னும் தொலைத்தொடர்பு ஆணையம் பிறப்பித்த உத்தரவு. அங்கே பொறியாளராக இருந்த மைக்கேல் மார்க்கஸ் என்பவர் முன்னின்று வாதாடியதன் பலனாக, 902 முதல் 928 வரை, 2400 முதல் 2483.5 வரை, 5725 முதல் 5850 மெகாஹெர்ட்ஸ் வரை ஆகிய மூன்று பட்டைகளிலும், அலையைப் பரவலாக விரித்து அனுப்பும் முறையைக் கைக்கொண்டு, ஒரு வாட் சக்திக்கு மேற்படாமல், தனித்தனி லைசென்ஸ் இன்றி எவரும் கருவிகளை இயக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. கிராமத்து மேய்ச்சற் புறம்போக்கைப் போன்றதாயிற்று அது: எவருடைய மாடும் மேயலாம், ஆனால் என் மாட்டுக்குப் புல் போதவில்லை என்று எவரும் பிராது கொடுக்க இயலாது. வீட்டு வைஃபையின் சுதந்திரம், அதன் தளர்ச்சி ஆகிய இரண்டுக்கும் தாய் இந்த ஒரே உத்தரவுதான். அந்த உத்தரவு இல்லாதிருந்தால் ஒவ்வொரு ரௌட்டருக்கும் அரசாங்கத்திடம் விண்ணப்பம் போட்டுக் காத்திருப்போம். அது இருப்பதால், பக்கத்து வீட்டு ரௌட்டரும், புளூடூத் கருவிகளும், சமையலறை அடுப்பும் நம்மோடு ஒரே வெளியைப் பகிர்ந்துகொள்கின்றன. இந்த முடிவு நன்மையே செய்தது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. இலவசமாகக் கிடைத்த அந்த அகலமற்ற பட்டையில் உலகத்தின் பெரும்பகுதி இன்று படிக்கிறது, பேசுகிறது, வியாபாரம் செய்கிறது.

பலர் ஒரே அலையில் பேசினால் குழப்பம் நேராதா என்ற வினாவுக்கு விடை தேடியவர்கள், இதற்கும் முன்னே ஹவாய்த் தீவுகளில் இருந்தார்கள். ஹவாய் சர்வகலாசாலையின் நார்மன் ஏப்ரம்ஸன் தம் சகாக்களுடன் அமைத்த அலோஹாநெட் என்னும் வலை 1971-இல் இயங்கத் தொடங்கியது. தீவுகளில் சிதறிக்கிடந்த முனையங்கள் ஹோனலூலுவில் இருந்த பெரிய கம்ப்யூட்டருடன் வானொலி அலை வழியே பேசின. எந்த முனையமும் தான் நினைத்தபோது செய்தியை அனுப்பலாம். மற்றொன்றின் செய்தியோடு மோதி அது சிதைந்தால், மறுமொழி வராததைக் கொண்டு அதை உணர்ந்து, சற்றே வேறுபட்ட ஒரு நேரம் காத்திருந்து மறுபடியும் அனுப்பவேண்டும். இம்முறையில் அலையின் கொள்ளளவில் ஏறத்தாழ 18 சதவிகிதத்துக்கு மேல் பயன்படாது என்பதைக் கணிதம் காட்டியது. பேசுமுன் வேறு யாராவது பேசுகிறார்களா என்று செவிகொடுத்துக் கேட்கும் ஏற்பாடு பின்னர் சேர்ந்தபோது நிலைமை பெரிதும் திருந்தியது. இன்றைய டேப்லெட்டும் அவ்விதமே கேட்டுவிட்டுத்தான் பேசுகிறது. ஆனால் சுவருக்கு அப்பாலுள்ள ஒரு கருவியின் குரல் டேப்லெட்டின் செவிக்கு எட்டாமல் ரௌட்டருக்கு மட்டும் எட்டுமானால், இரண்டும் ஒரே கணத்தில் பேசி மோதுவதைத் தடுப்பது கடினம். நெருக்கமான அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாலை வேளைகளில் இணைப்பு திணறுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

வீட்டுக்குள் இக்கலை வந்த வழி, கடைகளின் கல்லாப்பெட்டி வழியாகும். என்.சி.ஆர். கம்பெனி, கடைகளில் கல்லா யந்திரங்களை இடம் மாற்றும்போதெல்லாம் கம்பி இழுக்கும் தொல்லையை ஒழிக்க எண்ணி, நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகருக்கு அருகிலுள்ள நியூவெகைன் என்னும் ஊரில் இருந்த தன் பொறியாளர்களிடம் அவ்வேலையை ஒப்படைத்தது. அங்கிருந்த விக் ஹேய்ஸ், 1990 முதல் பத்தாண்டுக் காலம் 802.11 என்ற எண்ணைத் தாங்கிய தரநிர்ணயக் குழுவுக்குத் தலைமை வகித்து, ஒன்றோடொன்று போட்டியிட்ட கம்பெனிகளைப் பொறுமையோடு ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். 1997-இல் வெளிவந்த முதல் தரத்தின் வேகம் விநாடிக்கு 2 மெகாபிட் மட்டுமே. 1999-இல் அது 11 மெகாபிட்டாக உயர்ந்தது. அவ்வாண்டே ஆப்பிள் தன் ஐபுக் மடிக்கணினிக்கு இவ்வசதியை 99 டாலர் கார்டாக விற்கத் தொடங்கவே, அலுவலகப் பொருள் இல்லத்துப் பொருளாயிற்று.

வீடோ, அலைக்கு அவ்வளவு இணக்கமான இடம் அன்று. சுவரிலும் தரையிலும் இரும்பு பீரோவிலும் பட்டுத் திரும்பும் அலைகள் வெவ்வேறு கணங்களில் வந்துசேர்ந்து ஒன்றையொன்று குலைக்கின்றன. இந்த எதிரொலிச் சிக்கலை அவிழ்க்க ஆஸ்திரேலியாவின் ஸி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஸ்தாபனத்தில் ஜான் ஓ'ஸல்லிவன் முதலிய விஞ்ஞானிகள் வகுத்த முறைக்கு 1996-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. வான்வெளியிலிருந்து வரும் மெல்லிய வானொலி அலைகளை ஆராய்ந்த அனுபவம் அதற்குக் கைகொடுத்தது. அவ்வளவு செய்தும் இயற்கையின் நியதி மாறுவதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். ஆதலால் டேப்லெட்டை ஒரு சாண் நகர்த்தினாலே இணைப்பு உயிர்பெறுவதும், மறுபடி மங்குவதும் உண்டு. திரையில் தெரியும் சிக்னல் கோடுகள் ரௌட்டரின் குரல் டேப்லெட்டுக்கு எப்படிக் கேட்கிறது என்பதை மட்டுமே காட்டும். பாட்டரியைச் சிக்கனம் செய்யவேண்டிய டேப்லெட்டின் மெல்லிய குரல் ரௌட்டருக்குக் கேட்கிறதா என்பதை அவை சொல்லா.

அந்தச் சிக்கனத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. உபயோகம் இல்லாத நேரத்தில் கருவி உறங்கலாம், ரௌட்டர் விநாடிக்குப் பத்து முறை அளவில் விடுக்கும் அறிவிப்பைக் கேட்க மட்டும் விழித்தால் போதும் என்று 1997-இன் தரமே ஏற்பாடு செய்திருந்தது. உறக்கமும் விழிப்பும் சரிவரப் பொருந்தாத கருவியே, திரை அணைந்து மறுபடி ஒளிரும்போது இணைப்பை இழந்து நிற்கிறது. இதனோடு முகவரிச் சிக்கலும் சேர்கிறது. ரௌட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரியைத் தவணை குறித்துத் தருகிறது, டி.ஹெச்.சி.பி. எனப்படும் அவ்விதியை 1993-இல் வகுத்தவர் ரால்ஃப் ட்ரோம்ஸ். தவணையில் பாதி கழிந்ததும் கருவி அதைப் புதுப்பிக்க முயலவேண்டும். 2010 ஏப்ரலில் ஐபேட் வெளிவந்த சில நாட்களுக்குள், பிரின்ஸ்டன் சர்வகலாசாலையின் கணினிப் பிரிவினர், சில ஐபேடுகள் தவணை கடந்தும் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டு மற்றக் கருவிகளுக்கு இடையூறு செய்வதைக் கண்டு, அவற்றின் இணைப்பை நிறுத்திவைத்தனர். கம்பியே இல்லாமல் பிறந்த சாதனத்தின் முதல் வாரங்களில் நேர்ந்த இந்நிகழ்ச்சி, குற்றம் எப்போதும் அலையினுடையது அன்று என்பதையும் நமக்குக் காட்டுகிறது.

நம் தேசத்தில், வானொலிப் பெட்டி வைத்திருப்பதற்கே தபாலாபீஸில் லைசென்ஸ் கட்டிய காலம் முதியோர் பலருக்கு நினைவிருக்கும். 1933-ஆம் வருஷத்துச் சட்டம் அத்தகையது. 2005 ஜனவரியில்தான் மத்திய அரசாங்கம் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமத் தேவையை நீக்கியது. இப்பட்டையில் பதின்மூன்று சேனல்கள் எண்ணிடப்பட்டிருந்தாலும், அடுத்தடுத்த எண்கள் ஒன்றின்மேல் ஒன்று படிவதால், உபத்திரவமின்றி அருகருகே இயங்கக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்றே. விசாலமான 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலோ, 2003-இல் ஜெனீவாவில் கூடிய மகாநாட்டின் ஏற்பாட்டின்படி, சில சேனல்களில் ரேடாரின் ஒலி கேட்டால் ரௌட்டர் உடனே அச்சேனலைவிட்டு விலகவேண்டும்; காரணம் தெரியாமல் திடீரென்று வீடு முழுவதும் இணைப்பு அறுவதற்கு இதுவும் ஒரு ஹேது.

ஆகவே டேப்லெட்டைக் கடைக்கு எடுத்துச் செல்லுமுன், வீட்டிலுள்ள மற்றக் கருவிகளுக்கும் அதே நேரத்தில் இணைப்பு போகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் போனால் ரௌட்டரையும் அதன் சேனலையும் மாற்றிப் பாருங்கள்; ரௌட்டருக்கு அருகில் வைத்தும் டேப்லெட்டுக்கு மட்டும் போனால், அந்த வைஃபை பெயரை அதன் நினைவிலிருந்து நீக்கிப் புதிதாகச் சேர்த்து, மென்பொருளைப் புதுப்பியுங்கள். இணைப்புக் கொடுக்க வரும் கம்பெனிக்காரர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: கேபிள் எட்டுகிற வாசலோரத்திலேயே ரௌட்டரை மாட்டிவிட்டுப் போகாமல், இன்னும் சில கஜம் கேபிள் செலவழித்து, வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், பீரோவுக்கும் மைக்ரோவேவ் அடுப்புக்கும் எட்ட வைத்துக் கொடுங்கள்.