குடவோலைக்கு முன்னர்

உத்தரமேரூர் என்றதும் குடவோலை நினைவிற்கு வரும். வரலாற்றுப் பாடம் நடத்திய நாட்களில் மாணவர்கள் குடத்தைப் பற்றியும், அதிலிருந்து ஓலையெடுத்த சிறுவனைப் பற்றியும் ஆவலுடன் வினவுவர். ஓலையில் எவர் பெயரை எழுதலாம் என்று ஒருவரும் வினவியதில்லை. எனக்கோ அதுவே சுவை மிக்க பகுதி.

காஞ்சிபுரத்திற்குத் தெற்கேயுள்ள அவ்வூரின் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று 919-ஆம் ஆண்டினது, மற்றது 921-ஆம் ஆண்டினது. ஏரி, தோட்டம் முதலியவற்றைக் கவனிக்கும் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேரும் முறையை அவை வகுக்கின்றன. இறை செலுத்தும் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, காரியத்தில் தேர்ச்சி ஆகியவை வேண்டும். வயது 30 முதல் 60 என்றது முதற் கல்வெட்டு; இரண்டே ஆண்டுகளில் அது 35 முதல் 70 ஆயிற்று. அரைக்கால் வேலியே உடையவனும், ஒரு வேதமும் ஒரு பாஷியமும் வல்லவனாயின் ஏற்கப்படுவான் என்று பின்னைய கல்வெட்டு தளர்வும் அளித்தது.

இவற்றினும் கூரிய விதி ஒன்றுண்டு. முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்திற் புகாது. அவனோடு விட்டார்களா? பெரியன்னை சிற்றன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மைத்துனன், மருமகன் என்று உறவினர் பட்டியல் நீள்கிறது. விலக்குண்டவன் மைத்துனன் பெயரால் மீண்டும் நுழைவான் என்பதைச் சபையார் நன்கறிந்திருந்தனர் போலும்!

சீட்டிற்குக் கண் இல்லை. ஆதலின் ஆராய்ச்சியைக் குடத்திற்கு முன்னரே முடித்தனர். இன்றைய ஒப்பந்தப்புள்ளியிலும் இதே நிலைதான். குறைந்த விலை என்பதும் கண்ணற்றது. அதைக் கொடுத்தவன் யாரென்று அது சொல்லாது. தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கான சட்டம் 1998-இலும் அதன் விதிகள் 2000-இலும் பிறந்தன. இரு உறை முறையில், முன்செய்த பணி, பொருள்வலிமை முதலியவற்றின் சான்றுகள் முதல் உறையில் இருக்கும். அதில் தேறாதவனின் விலையுறை பிரிக்கப்படுவதே இல்லை.

ஆயினும் தகுதி விதி பிறரைத் தடுக்கும் மதிலாகவும் ஆகலாம். நிலமும் வேதமும் கேட்ட உத்தரமேரூரில் உழுதவரும் நெய்தவரும் வெளியே நின்றனர். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், காஞ்சி ஊரகத்துத் திருமால் கோயிலின் மேற்பார்வையை உத்தமசோழன் பட்டசாலியர் என்னும் நெசவாளரிடம் ஒப்புவித்தான். அச்செப்பேடு சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பத்துத் தறி உடையவனிடம் பல கோடி ரூபாய் ஆண்டு விற்பனை கேட்கும் விதி, அவன் பணப்பெட்டியை அளக்கிறதேயன்றி நெசவை அளக்கவில்லை. நடுவணரசு 2012-ஆம் ஆண்டின் கொள்முதல் ஆணையால் குறு, சிறு தொழில்களுக்கு முன்வைப்புத் தொகையை நீக்கிற்று. அரைக்கால் வேலித் தளர்வின் வழித்தோன்றலாகவே அதை நான் காண்கிறேன்.