வாரம் ஒரு மாலை: பாய்ப்படகுப் பந்தயமும் நம் தீவும்

கடலோடிய தமிழர் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். ஆனால் லாங் ஐலண்டில் வளரும் நம்ம பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பாய் கட்டத் தெரியும்?

சென்னைத் துறைமுகத்தின் கிழக்கு வாயிலை அடைத்து, வடகிழக்கில் புதுவாயில் திறந்து, உள்ளே அலையடங்கச் செய்தவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். 1911ல் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் தோன்றவும் அவரே முன்னின்றார். அன்று அது துரைமார் பொழுதுபோக்கு. 2021ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய் விரித்தவரோ நம் சென்னைப் பெண் நேத்ரா குமணன்! பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே.

தொண்டிப் பக்கம் மீனவர்கள் திருவிழாவையொட்டிப் பாய்மரப் பந்தயம் விடுவதுண்டு. திருவிழா எப்போதோ ஒரு நாள். கை பழகுவது வாராவாரம் ஓட்டினால்தான்.

முறை எளிது. ஐந்து நிமிடம் முன்னே எச்சரிக்கைக் கொடி, நான்கில் ஆயத்தக் கொடி. கடைசி நிமிடத்தில் அது இறங்கும், பிறகு புறப்பாடு. முதலாவதுக்கு ஒரு புள்ளி, இரண்டாவதுக்கு இரண்டு. பருவமுடிவில் கூட்டுத்தொகை குறைந்தவருக்கே வெற்றி. கடைக்காரன் கணக்கில் சொன்னா, பாக்கி குறைந்தவனே கெட்டிக்காரன்!

இங்கே டிசம்பரில் ஐந்து மணிக்கே பொழுது சாயும். ஆகவே மூன்றரைக்கே தொடங்கணும். தென்மேற்குப் பருவத்தில் கூடாது. மிதவைச் சட்டையும் காவல் படகும் இல்லாமல் ஒருவரும் இறங்கக்கூடாது.

கொடிமரம், கடிகாரம், பேரேடு இம்மூன்றையும் சங்கம் தரலாம். படகும் பிள்ளைகளும் நம்மிடம் உண்டு. பழம்பெருமை பேச்சோடு நிற்காமல் நீரில் இறங்கட்டுமே!