கணினி உறக்கநிலைக் கோளாறு
வீட்டுக் கணினி உறங்க மறுப்பது, அல்லது உறங்கிய சில நொடிகளில் தானே விழித்துக்கொள்வது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா நிறுவனங்கள் 1996இல் வெளியிட்ட ஏசிபிஐ என்ற மின் மேலாண்மை விதிமுறையில், கணினிகள் பரவலாகப் பயன்படுத்தும் உறக்கநிலை எஸ்3 எனப்படும். அதில் ரேமுக்கும் கணினியை எழுப்பும் சாதனங்களுக்கும் மட்டும் மின்சாரம் தொடரும். பிராசசர், விசிறி, ஹார்டு டிஸ்க் யாவும் நிற்கும்.

இரு கோளாறுகளுக்கும் காரணங்கள் வேறு; முதலில் எது என்று பிரித்தறிய வேண்டும். விண்டோஸ் கணினி உறங்கவே மறுத்தால், நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ‘பவர்சிஎஃப்ஜி’ கட்டளையை ‘ரிக்வெஸ்ட்ஸ்’ தெரிவுடன் இயக்கலாம். தடுத்து நிற்கும் நிரலின் அல்லது டிரைவரின் பெயரை அது காட்டிவிடும். பலமுறை அப்படித் தடுப்பது ஓடிக்கொண்டிருக்கும் இசையோ வீடியோவோதான். கணினியைக் குறை சொல்லும் முன் இதைப் பார்ப்பது நல்லது.

விழித்துக்கொள்ளும் கணினிக்கு, கடைசியாக அதை எழுப்பியது எது என்று காட்டும் அதே கட்டளையின் ‘லாஸ்ட்வேக்’ தெரிவு உதவும். மேசை அதிர்ந்து மவுஸ் அசைந்தாலே சில கணினிகள் எழுந்துவிடும். டிவைஸ் மேனேஜரில் அச்சாதனத்தின் எழுப்பும் அனுமதியை நீக்கினால் போதும். நெட்வொர்க் கார்டுக்கு, எழுப்புவதற்கென்றே அனுப்பப்படும் மேஜிக் பாக்கெட் வந்தால் மட்டும் எழுப்பும்படி வரம்பிடலாம். நள்ளிரவில் விழித்தால், குறித்த நேரத்தில் கணினியை எழுப்பும் வேக் டைமரைச் சோதிக்க வேண்டும்.

புதிய மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்3 இல்லை. கணினி முழுதாக உறங்காத மாடர்ன் ஸ்டாண்ட்பை முறையே உண்டு. அதனால் பைக்குள் சூடேறும் மடிக்கணினிக்கு, ரேமில் உள்ளதை டிஸ்கில் சேமித்துவிட்டு அணையும் ஹைபர்னேட் பாதுகாப்பானது.