தெலாக்ருவாவின் மொராக்கோக் குறிப்பேடுகள்

பிரெஞ்சு ஓவியர் எழேன் தெலாக்ருவா இளமையில், 1822 முதல் 1824 வரை, நாட்குறிப்பு எழுதினார். பிறகு நிறுத்திவிட்டார். மீண்டும் தொடங்கியது 1847இல். 1893-95இல் அந்நாட்குறிப்பு மூன்று தொகுதிகளாக அச்சேறியபோது படித்தவர்கள் ஒரு தேர்ந்த உரைநடையாசிரியரைக் கண்டுகொண்டனர். ஆனால், இடைப்பட்ட மௌனத்தின் நடுவே 1832இல் அவர் வட ஆப்பிரிக்காவில் கையோடு கொண்டு திரிந்த சிறு குறிப்பேடுகளே எனக்கு மிக நெருக்கமானவை. அவற்றுள் மூன்று லூவரிலும் ஒன்று சாந்தில்லியிலும் உள்ளன. நான் பார்த்தவை நிழற்படப் பதிவுகள்தாம்.

1830இல் பிரான்ஸ் அல்ஜியர்ஸைக் கைப்பற்றியது. அண்டை நாடான மொராக்கோவின் சுல்தான் அப்துர் ரஹ்மானோடு இணக்கம் பேச மோர்னே பிரபு தூது சென்றார். அவருக்கு வழித்துணையாகப் போனவர் தெலாக்ருவா. வயது முப்பத்து மூன்று. 1832 ஜனவரி இறுதியில் தாஞ்சியரில் இறங்கி, மார்ச்சில் குதிரைமீது மெக்னெஸ் நகருக்குப் பயணம். மார்ச் 22ஆம் நாள் சுல்தானின் பேட்டி கிடைத்தது.

அச்சுப் பதிப்பில் இப்பகுதியைப் படித்தால் ஏமாற்றமே மிஞ்சும். வினைமுற்று இல்லாத தொடர்கள், அறுந்த சொற்கள், ஊர்ப்பெயர்கள். மூலப் பக்கத்தைக் கண்டால்தான் விளங்கும்: அவ்வாக்கியங்களை முடித்து வைப்பது பக்கத்திலுள்ள சித்திரம். ஒரு வாயில், ஒரு தலைப்பாகை, சுவரோரம் அமர்ந்த மனிதன். இடைவெளிகளில் எழுத்து நுழைந்து செல்கிறது. சில கோட்டோவியங்களில் வண்ணம் பூச நேரமில்லை. அந்த இடத்தில் வண்ணத்தின் பெயரை மட்டும் எழுதிவைத்திருக்கிறார். சுவடிப் பதிப்பு பயின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், இங்கே எழுத்தையும் சித்திரத்தையும் பிரித்து அச்சிடுவது ஒரு பாடத்தைச் சிதைப்பதே ஆகும்.

இந்த அந்தரங்கத்திற்கு ஓர் எல்லையும் உண்டு. முஸ்லிம் இல்லங்களுக்குள் அவரால் நுழைய இயலவில்லை; வரைவதை மக்கள் விரும்பவுமில்லை. கதவு திறந்தவை யூதக் குடும்பங்கள். பிப்ரவரியில் தாஞ்சியரில் கண்ட யூதத் திருமணம் 1841இல் பெரிய ஓவியமாயிற்று. ஆக, நாம் நெருக்கம் என்று உணர்வது ஓவியருக்கும் அவரது தாளுக்கும் இடையேயானது. வரையப்பட்டவர்கள் அதில் எவ்வளவு பங்குகொண்டார்கள் என்பது வேறு கேள்வி. தூதுக்குழுவின் பின்னால் ஒரு படை அல்ஜியர்ஸில் நின்றிருந்தது என்பதை மறந்து இப்பக்கங்களை ரசிப்பது எனக்கு உடன்பாடன்று.

தெலாக்ருவாவே இக்குறிப்புகளைப் பின்னாளில் ஐயத்தோடு பார்த்தார். சிறுசிறு விவரங்களை மறந்த பிறகே ஆப்பிரிக்கப் பயணத்திலிருந்து ஏதேனும் தேறும்படி வரைய முடிந்தது என்று 1853இல் தம் நாட்குறிப்பில் எழுதுகிறார். எனக்கு இதில் முழுச் சம்மதமில்லை. 1845இல் தீட்டிய பெரிய சுல்தான் ஓவியம் இன்று துலூஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குதிரைமீது சுல்தான், சூழக் காவலர், பின்னே கோட்டைமதில். மோர்னே பிரபுவை மட்டும் காணோம். காரணம் விளங்காததன்று, 1844இல் பிரெஞ்சுக் கப்பல்கள் தாஞ்சியர்மீது குண்டு பொழிந்தன, இஸ்லிப் போரில் மொராக்கோப் படை தோற்றது. தூது பொருளிழந்துவிட்டது. மறந்தவை சிறு விவரங்கள் மட்டுமல்ல.

யூதத் திருமண ஓவியத்தைப் பற்றித் தனியே எழுத வேண்டும். 1842இல் அவரே அதைக் குறித்து ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார். குறிப்பேட்டுப் பக்கங்களை அதனோடு ஒப்பிட்டுப் படிக்க எண்ணியிருக்கிறேன்.