வில்லியர்ஸ், பீட்டர், அப்புறம் பேரில்லாத ஒண்ணு

சென்னையிலிருந்து வந்த நண்பர் தொழுவத்து மூலையில கிடந்த என்ஜினைக் காட்டி, "இது எந்தக் கம்பெனி? இன்னும் ஓடுமா?"ன்னு கேட்டார். வில்லியர்ஸ்னு சொன்னேன். அவருக்குப் பிடிபடலை.

தாமிரபரணிப் பாசனத்துல என்ஜின் எதுக்குன்னு கேட்பீங்க. வாய்மடைக்காரருக்குத் தேவையில்லைதான். எங்க வயல் கடைமடை. பிசான நெல் பால் பிடிக்கிற நேரத்துல வாய்க்கால்ல தண்ணி நின்னுட்டா, குளத்துப் பள்ளத்துல மிச்சம் கிடக்கிறதை இறைச்சு ரெண்டு நனைப்பு கொடுத்தாத்தான் நெல்லு, இல்லேன்னா பதரு. அந்த நாலஞ்சு ராத்திரிக்குத்தான் என்ஜின்.

வில்லியர்ஸ் இங்கிலாந்துல வுல்வர்ஹாம்ப்டன் ஊர்க் கம்பெனி. 1898-ல் சைக்கிள் பாகங்கள் செய்ய ஆரம்பிச்சு, பிறகு சின்ன என்ஜின்களுக்குப் பேர் வாங்குச்சு. நம்ம ஊர்ல அதை லைசென்ஸ் வாங்கிச் செஞ்சது என்ஃபீல்டு இந்தியா, அதாவது திருவொற்றியூர்ல புல்லட் செஞ்ச அதே கம்பெனி. பம்பு என்ஜின் ராணிப்பேட்டையில தயாராச்சு. பின்னாடி அது கிரீவ்ஸ் கைக்குப் போனது. புல்லட் கம்பெனி பம்புசெட் செஞ்சதுன்னா இப்ப உள்ள பையங்க நம்ப மாட்டேங்கிறாங்க.

பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தணும். நிறுத்துறதுக்கு முன்னால திரும்பப் பெட்ரோல்ல கொஞ்சம் ஓடவிடணும். சோம்பல்பட்டு விட்டுட்டா மறுநாள் கயிறு சுத்தி இழுத்தே தோள்பட்டை கழண்டுரும். எரியாத மண்ணெண்ணெய் கீழ இறங்கி ஆயிலோட கலந்துரும். ஆயில் மட்டம் குறைஞ்சா கவலைப்படுவோம். இதுல கூடினாத்தான் கவலை. எங்க அப்பா தினமும் விரல்ல தொட்டு மோந்து பார்ப்பார். முப்பது வருஷம் ஓடுச்சு. அதுல பாதிப் பெருமை அந்த மூக்குக்கு.

வசதியுள்ளவங்க வச்சிருந்தது டீசல். 'பீட்டர் என்ஜின்'னு சொல்லுவோம். அசல் பேரு பெட்டர், அதுவும் இங்கிலாந்துக் கம்பெனிதான். லிஸ்டர்னு இன்னொண்ணு, பெரிய ஃப்ளைவீலோட நிமிஷத்துக்கு 650 சுத்து மட்டும் சுத்தி விடிய விடிய டொக்கு டொக்குன்னு ஓடும். இங்கிலாந்துல லிஸ்டரை நிறுத்தின பிறகும் குஜராத் ராஜ்கோட் பட்டறைகள் அதே அச்சுல வார்த்துக்கிட்டிருந்தாங்க. புனேயில 1946-ல் தொடங்கின கிர்லோஸ்கர் ஆயில் என்ஜின்ஸையும் சொல்லணும். இன்ஜினியரிங் படிச்சவங்க லேப்ல அதோட ஏவி-1 என்ஜினைப் பார்த்திருப்பீங்க. எங்களுக்கு அது வயக்காட்டுச் சாமான். இதெல்லாம் கெடாத என்ஜினான்னா, இல்லை. கெடும். ஆனா நாசில், ரிங்கு, லைனர் எல்லாம் ஜங்ஷன் கடையில கிடைக்கும், பிரிச்சு மாட்டத் தெரிஞ்சவர் பக்கத்து ஊர்ல இருப்பார், சாயங்காலத்துக்குள்ள தண்ணி பாயும். கடைமடைக்காரனுக்கு நம்பகம்னா அதுதான்.

1944-லேயே பாபநாசத்துல கரண்ட் எடுத்தாங்க. 1990 வாக்கில் விவசாயத்துக்கு எல்லாருக்கும் இலவச மின்சாரமும் வந்துச்சு. கிணத்துக்காரங்க என்ஜினை எடைக்குப் போட்டாங்க. குளத்துப் பள்ளத்துக்கு யாரு கம்பம் நடுவா?

இப்ப வர்றது ஹோண்டா 1983-ல் கொண்டுவந்த ஜிஎக்ஸ் மாடலைப் பார்த்துச் செஞ்ச சீன நகல்கள். ஒரே அச்சு, நூறு ஸ்டிக்கர். களையெடுக்கிற மெஷின்லயும் அதுதான். டொரான்டோவுல அக்கா மகன் வாசல்ல பனி தள்ளுற மெஷின்லயும் கிட்டத்தட்ட அதுதான். ஒத்த ஆளு தூக்கிட்டுப் போகலாம், விலையும் சல்லிசு. நானும் ஒண்ணு வாங்கினேன். மூணாவது பிசானத்துல, ராத்திரி ரெண்டு மணிக்கு, கனெக்டிங் ராடு உடைஞ்சு பக்கத்துச் சுவரைப் பிளந்துட்டு வெளிய வந்துச்சு. ஆயிலைப் பார்க்காம விட்டது என் தப்பு, மறைக்கலை. ஆனா வாங்கின கடையில, "இதுக்கு ஸ்பேர் வராது அண்ணாச்சி, புதுசா எடுத்துக்கோங்க"ன்னுட்டான். அந்த ஸ்டிக்கரே இப்ப வர்றதில்லையாம்.

மூணாம் நாள் பக்கத்து வயக்காரர் பீட்டரை டிராக்டர்ல ஏத்திக் கொண்டாந்து இறைச்சோம். அதுக்குள்ள மேட்டு வயல் அரை ஏக்கர் பதராப் போயிட்டுது.

நண்பர் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லலை. பிளக்கைக் கழட்டித் துடைச்சேன், நெருப்பு வருது. கார்புரேட்டர் மிதவை மட்டும் ஓட்டை. பழைய இரும்புக்கடையில ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன்.