மூன்று படி மாவு

எங்கள் சேகரத்துப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஒருமுறை, புளித்த மா உவமையை ஐயர் விளக்கிக்கொண்டிருந்தார். கலியாண வீடுகளுக்குப் பலகாரம் சுட்டுப் பழகிய மூதாட்டி ஒருவர் பின்வரிசையிலிருந்து கேட்டார்: "ஐயா, மூணு படி மாவை ஒரு பொம்பளை எதுக்குப் பிசையணும்? வீட்ல ஏதும் விசேஷமா?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வசனத்தை ஐம்பது ஆண்டுகளாக வாசித்திருக்கிறேன். அந்தக் கேள்வி ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

வீட்டுக்கு வந்து தேடினேன். கிரேக்க மூலத்தில் அங்கே நிற்பது 'சாத்தோன்' என்னும் அளவு. எபிரேயர் அதைச் 'சேயா' என்றார்கள். குறைத்துக் கணக்கிடுவோர் ஏழு லிட்டர் என்பர், கூட்டிக் கணக்கிடுவோர் 13 லிட்டர் என்பர். எந்தக் கணக்கில் பார்த்தாலும் மூன்று சாத்தோன் 20 லிட்டருக்குக் குறையாது. நம் படியோ இரண்டு லிட்டருக்குள் அடங்கிவிடும். தமிழ் வேதாகமம் 'மூன்றுபடி' என்று சொன்னதால் மாவு சுருங்கிப்போயிற்று. சுருங்கிய அந்த அளவே ஒரு வீட்டுக்கு அதிகம் என்று அம்மூதாட்டியின் கைகளுக்குத் தெரிந்திருந்தது. உண்மையில் அந்தப் பெண் பிசைந்தது ஊருக்கே போதுமான மாவு.

விசேஷம் உண்டா என்ற கேள்விக்கும் வேதத்திலேயே விடை இருக்கிறது. மம்ரேயின் சமபூமியில் மூன்று விருந்தாளிகள் வந்தபோது ஆபிரகாம் சாராளைப் பிசையச் சொன்னது இதே மூன்று அளவு மாவு. மூன்று சேயா சேர்ந்தால் ஒரு எப்பா. தேவதூதனுக்கு முன்பாகக் கிதியோன் கொண்டுவந்து வைத்தது ஒரு எப்பா மாவின் அப்பம். பிள்ளை சாமுவேலைச் சீலோவிலே ஒப்படைக்கப் போன அன்னாள் சுமந்துசென்றதும் ஒரு எப்பா மாவு. மூன்று இடத்திலும் மனிதர் கடவுளுக்கு முன்னால் நிற்கிறார்கள். இயேசுவின் வாயிலிருந்து அந்த அளவைக் கேட்ட யூதப் பெண்களுக்கு, வந்திருக்கும் விருந்தாளி யார் என்று சொல்லவேண்டியிருந்திருக்காது.

வியப்பு அதோடு முடியவில்லை. பலிபீடத்துக்குப் போகும் போஜனபலியில் புளிப்புச் சேரக்கூடாது என்பது லேவியராகமத்தின் கட்டளை. பஸ்காவுக்கு முன் வீட்டு மூலைமுடுக்கெல்லாம் தேடிப் புளிப்பை அகற்றுவார்கள். பவுலும் அதைத் தீமைக்கே உவமையாக்கினார். பரிசுத்த இடத்துக்கு ஆகாது என்று விலக்கிய ஒன்றை எடுத்து, ஒரு பெண்ணின் கையில் கொடுத்து, பரலோகராஜ்யம் இப்படித்தான் என்கிறார் இயேசு. விலக்கிவைக்கப்பட்ட எத்தனை பேர் அன்று அதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்!

'அடக்கிவைத்தாள்' என்று நம் மொழிபெயர்ப்பில் இருக்கும் சொல்லுக்கு மூலத்தில் 'ஒளித்துவைத்தாள்' என்றே பொருள். அக்காலத்தில் புளிப்பு என்பது கடையில் வாங்கும் ஈஸ்ட் அன்று. முந்தைய நாள் மாவில் பிடித்துவைத்த ஓர் உருண்டை. நம் வீடுகளில் உறைமோர் இருக்கிறதே, அதுபோல. பக்கத்து வீட்டில் கிண்ணம் நீட்டி வாங்கிவரும் ஒரு கரண்டி மோர், காய்ச்சி ஆறிய பாலில் விழுந்தபின் எங்கே என்று தேடினால் கிடைக்காது. பாத்திரத்தை ஆட்டக்கூடாது, அடிக்கடி திறந்து பார்க்கக்கூடாது. சின்ன வயதில் திறந்து பார்த்து ஆச்சியிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட எனக்கு, விதைத்தவன் தூங்கி விழிக்க, அவனறியாமலே பயிர் வளரும் என்ற மாற்கு நற்செய்தியின் உவமை புரிந்தது அந்தப் பாத்திரத்தின் பக்கத்தில்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். அன்றாடப் பொருள் ஒவ்வொன்றுக்கும் வலிந்து ஒரு ஞானப்பொருள் ஏற்றுவது பழைய பழக்கம். நல்ல சமாரியன் கதையில் சத்திரம் திருச்சபை, சத்திரக்காரன் பவுல் என்று மாமேதை அகுஸ்தீனுவே எழுதினார். எனக்கு அது உவப்பானதன்று. காயத்துக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தவனின் கை அந்த விளக்கத்தில் மறைந்துபோகிறது. வேலை என்னவென்று முதலில் தெரியவேண்டும். பாடம் அதற்குள் இருக்கும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடியபோதும் ஞான ஏற்றப்பாட்டு பாடியபோதும், மக்கள் ஏற்கெனவே அறிந்த ஆட்டத்தின் வழியாகவும் உழைப்பின் வழியாகவுமே அவர்களிடம் போனார்.

நுகத்தைப் பாருங்கள். இயேசு ஏர்களும் நுகங்களும் செய்துவந்தார் என்று இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த யுஸ்தீன் எழுதியிருக்கிறார். தம் நுகத்தை ஏற்றுக்கொள்ள அழைக்கும் இயேசு, அது மெதுவானது என்று சொல்லும் இடத்தில் வரும் 'கிறேஸ்தோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு நல்லது, இதமானது, பயன்படுத்தத் தகுந்தது என்றெல்லாம் பொருள் உண்டு. நுகத்தடி சரியாக இழைக்கப்படாவிட்டால் மாட்டின் கழுத்துப் புண்ணாகிவிடும், ஈ மொய்க்கும், மாடு ஏருக்கு வர மறுக்கும். நல்ல தச்சன் கழுத்து படும் இடத்தைத் தடவித் தடவி இழைப்பான். இன்னொன்று: நுகத்தில் இரண்டு கழுத்துகள். இளங்காளையைப் பழக்க, உழுது தேர்ந்த மாட்டோடு சேர்த்துப் பூட்டுவார்கள். ஏர் பிடித்த ஓர் உபதேசியார் இதைச் சொன்ன அன்றுமுதல், அந்த அழைப்பைப் பாரமாக என்னால் வாசிக்க முடியவில்லை. பக்கத்துக் கழுத்து யாருடையது என்று தெரிந்துவிட்டது.

எங்கள் சபைகளின் கைப்பிடி அரிசிக் காணிக்கையையும் இந்த வரிசையில்தான் வைப்பேன். மிசோரம் சபைகளிலும் 1910 முதல் இதே வழக்கம் உண்டு; வறுமையில் தொடங்கிய அந்தப் பிடியரிசி அங்கே ஊழியங்களைத் தாங்கும் தூணாகவே வளர்ந்தது. இதில் நான் பல காலம் கவனிக்காத நுட்பம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லுமுன் வேதத்தின் ஒரு கதை: சாறிபாத் விதவையிடம் இருந்தது பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். அதைச் சுட்டுத் தின்றுவிட்டுச் சாகலாம் என்று இரண்டு விறகு பொறுக்கிக்கொண்டிருந்தவளிடம் எலியா தீர்க்கதரிசி, முதலில் எனக்கு ஒரு சிறிய அடை என்கிறான். அந்த 'முதலில்' எனக்கு நெடுநாள் உறுத்தியது. பசியில் இருப்பவளிடம் கேட்கலாமா?

ஆச்சி உலை வைப்பதை நினைத்துப் பார்த்தேன். அரிசியை அளந்து, வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணி, மிஞ்சியதைக் காணிக்கைப் பானையில் போடமாட்டாள். அளந்த அரிசி முறத்தில் இருக்கும்போதே ஒரு பிடி அள்ளிப் போட்டுவிட்டுத்தான் புடைக்க உட்காருவாள். பஞ்ச காலத்தில் முறத்தில் இருந்ததே இரண்டு பிடிதான் என்ற நாட்களிலும் அந்த வரிசை மாறியதில்லை என்று அம்மா சொல்லுவாள். அன்று கை மட்டும் கொஞ்சம் சிறிதாக மூடுமாம்.